நல்ல விதை என்றால் என்ன? சோயாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

காவிரி டெல்டாவில், பாபநாசத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. சம்பா கதிர் முற்றி நிற்கும் தை மாதம். ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிப்பதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ சோயாவை நடுவில் இழுத்தார்கள். "அதெல்லாம் மரபணு மாற்றியது தம்பி, நம் மண்ணில் விடக்கூடாது" என்றார் ஒரு பெரியவர். "இல்லை அண்ணே, அது ஒட்டு விதை, வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சோதனையாக அரை மா நிலத்தில் சோயா போட்டுப் பார்த்தவர். நல்ல விதை என்று சொல்லி விற்றார்கள், பாதிகூட முளைக்கவில்லை, அந்த ரகமே மோசம் என்று அவர் முடித்துவிட்டார்.

மூவரும் நெல் தூரைப் பார்த்தே ரகத்தைச் சொல்லக்கூடியவர்கள். ஆனாலும் மூன்று கூற்றும் தவறு. 'நல்ல விதை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டு மூடிவைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அந்த மூட்டையை அவிழ்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சோயாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், மூன்று சங்கதிகளும் அந்தப் பயிரில் பளிச்சென்று தனித்தனியாகத் தெரிவதுதான்.

## ரகம் வேறு, மூட்டை வேறு

சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் முதலில் ஒரு தென்னை ஓலை நறுக்கை எடுப்பார்கள். சிலையின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்து அளவுகளைக் குறிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த ஓலையில் இருக்கும். பிறகுதான் மெழுகு, மண், உலோகம் எல்லாம்.

ரகம் என்பது அந்த ஒடியோலை. செடி எத்தனை நாளில் பூக்கும், காய் வெடிக்குமா, மணியில் எவ்வளவு புரதம் இருக்கும் என்பன போன்ற குணங்கள் செடியின் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. மரபணு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கடந்து வரும் ஒரு குணக்குறிப்பு. மூட்டையில் வரும் விதையோ அந்த அளவில் வார்த்தெடுத்த சிலை. ஓலை சரியாக இருந்தும் வார்ப்பில் ஓட்டை விழலாம். ஓலையே பிசகாக இருந்தால் எவ்வளவு சுத்தமாக வார்த்தாலும் பயனில்லை.

ஆக, முதல் சங்கதி ரகத்தின் குணம். இரண்டாவது, இந்த மூட்டையில் உள்ள விதை முளைக்குமா என்பது. மூன்றாவது, விளைந்த மணியில் என்ன சத்து இருக்கிறது என்பது. முதலாவதும் மூன்றாவதும் பயிர் மேம்பாட்டு ஆய்வாளரின் கையில் இருக்கின்றன. இரண்டாவதில் அவருக்கு ஓரளவுதான் பங்கு. அறுத்தவர், அடித்தவர், சேமித்தவர் எல்லோருக்கும் அதில் கை உண்டு.

## 'ஒட்டு' என்ற சொல் செய்த வேலை

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டு வந்தால்தான் காய். சோயா அப்படியல்ல. அதன் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மொட்டு விரிவதற்கு முன்பே, அல்லது விரியும் நேரத்திலேயே, உள்ளே மகரந்தம் விழுந்துவிடுகிறது. வாசல் திறப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் வீடு அது. இதற்குத் தன்மகரந்தச் சேர்க்கை என்று பெயர். வெளி மகரந்தம் இயற்கையாக உள்ளே நுழைவது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இதன் பலன் பெரிது. நிலைப்பட்ட சோயா ரகத்தின் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். அந்தப் பிள்ளையின் பிள்ளையும் அப்படியே. இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து உண்டாக்கும் மக்காச்சோள வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் செடிக்குச் செடி குணம் சிதறும், விளைச்சல் சரியும். அதனால்தான் அதை ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருக்கிறது. சோயாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளைந்ததில் விதைக்கு எடுத்து வைப்பதும், அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்வதும் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 விவசாயிக்குத் தந்திருக்கும் உரிமை. வணிகப் பெயர் போட்டு விற்பதற்குத்தான் தடை.

இரண்டு ரகங்களைக் கலப்பது டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965இல் வெளிவந்த ஆடுதுறை 27, நம் ஜி.ஈ.பி. 24 நெல்லுக்கும் ஜப்பானின் நோரின் 10 நெல்லுக்கும் பிறந்த பிள்ளை. அப்பாவும் தாத்தாவும் அதைக் குறுவையில் நட்டு அறுத்திருக்கிறார்கள். அதை யாரும் மரபணு மாற்றிய நெல் என்று சொன்னதில்லை, அது சரியும்கூட. மரபணு மாற்றம் என்பது, பெரும்பாலும் வேறோர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துப் பயிருக்குள் செலுத்துவது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட சோயா 1996 முதல் பயிராகிறது. இந்தியாவில் சட்டப்படி வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றுதான். இங்கே விளையும் சோயா, கலப்பும் தேர்வும் செய்து உருவாக்கியது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரகம் என்பது அளவு, மூட்டை என்பது வார்ப்பு. சோயா தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், ஆகவே விதையை எடுத்து வைக்கலாம். கலப்பு வேறு, மரபணு மாற்றம் வேறு.

## மொட்டின் முன் மண்டியிட்டு

உள்ளேயே கல்யாணத்தை முடித்துக்கொள்ளும் பூவில் வேறொரு செடியின் மகரந்தத்தை எப்படிச் சேர்ப்பது? கையால்தான்.

சோயாப் பூ ஒரு நெல்மணி அளவே இருக்கும். மறுநாள் விரிய வேண்டிய மொட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை உறைக்கு மேல் இதழின் நுனி லேசாக எட்டிப் பார்க்கும் பருவம் அது. ஒரு நாள் முந்தினால் பெண் உறுப்பு தயாராக இராது, ஒரு நாள் பிந்தினால் உள்ளே மகரந்தம் கொட்டியிருக்கும். கூர்மையான இடுக்கியால் புறவிதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, இதழ்களை மொத்தமாக உருவி, அடியில் வளையம்போல் நிற்கும் பத்து மகரந்தத் தாள்களையும் நீக்க வேண்டும். எஞ்சுவது நூலிழை போன்ற சூல்தண்டும் அதன் தலையில் சூல்முடியும். கை ஒருமுறை நடுங்கினால் அதுவும் போய்விடும். பிறகு தந்தையாகத் தேர்ந்த செடியில் அன்று மலர்ந்த பூவைப் பறித்து வந்து, அதன் மகரந்தத்தை அந்த முடியில் தடவி, காம்பில் நூல் கட்டி, தேதி எழுதிய சீட்டைத் தொங்கவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் இத்தனையும் முடிய வேண்டும்.

சோயா இயல்பாகவே பூக்களை மிகுதியாக உதிர்க்கும் செடி. தொட்ட மொட்டுகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். பிழைத்தவை காயானாலும் ஒரு காயில் இரண்டோ மூன்றோ மணிதான். ஒரு காலை முழுவதும் குனிந்து உழைத்தவருக்குக் கிடைப்பது உள்ளங்கைக் குழியைக்கூட நிரப்பாது.

கிடைத்தது உண்மையிலேயே கலப்பு மணிதானா, அல்லது பூ நம்மை முந்திக்கொண்டு தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிட்டதா? இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. சோயாவில் ஊதாப் பூ ரகமும் உண்டு, வெள்ளைப் பூ ரகமும் உண்டு. ஊதா ஓங்கு குணம், அதாவது தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியில் தெரிந்துவிடும். வெள்ளைப் பூச் செடியைத் தாயாகவும் ஊதாப் பூச் செடியைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால், பிள்ளை ஊதாவாகப் பூத்தால்தான் அது கலப்பு. பூக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முளைத்த சில நாட்களிலேயே தண்டின் அடியில் ஊதா படர்ந்திருக்கும். பச்சையாகவே நிற்கும் நாற்றைப் பிடுங்கிவிடலாம்.

## பேரப்பிள்ளைகளில் சிதறும் குணம்

முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். இரு பெற்றோரும் நிலைப்பட்ட ரகங்கள் என்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது அதே பாதி, அதே பாதி. வேடிக்கை இரண்டாம் தலைமுறையில் தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகள் தாமாகவே காய்க்கும்போது குணங்கள் பிரிந்து புதிய புதிய சேர்க்கைகளாக வருகின்றன. ஒரு செடி குட்டை, அடுத்தது படர்வது. ஒன்றில் காய் வெடிக்கும், இன்னொன்றில் வெடிக்காது. ஒரே வீட்டில் தாத்தாவின் மூக்கும் பாட்டியின் நிறமும் பேரப்பிள்ளைகளிடம் மாறி மாறி வருவதைப் போன்றது இது.

இப்படிச் சிதறும் செடி விவசாயிக்கு உதவாது. அது நிலைப்பட வேண்டும். அந்த வேலையைத் தன்மகரந்தச் சேர்க்கையே செய்து தருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு நிலையில் இன்னும் பிரியக்கூடிய பங்கு பாதியாகிறது. இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5, ஐந்தாவதில் 6.25, ஆறாவதில் சுமார் 3. ஆறாவது தலைமுறைக்குப் பக்கத்தில் செடி தன் குணத்தில் நிலைத்துவிடும். அதைத் தூய வழி என்கிறார்கள். நெல் வயலில் கலவன், அதாவது வேற்று ரகச் செடி, பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். கலவனே இல்லாத நிலைக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவருவதுதான் இந்த ஆண்டுகளின் வேலை.

கூடவே தேர்வும் நடக்கிறது. பயிர் மேம்பாடு என்றால் எதையோ சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நாட்கள் கழிப்பதில் போகின்றன. ஆயிரக்கணக்கான செடிகள் நூறாகி, நூறு பத்தாகி, கடைசியில் ஒன்று நின்றால் அது நல்ல ஆண்டு.

எதை வைத்துக் கழிப்பது? மணியின் பருமன், பூவின் நிறம், பூக்கும் நாள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம். விளைச்சலில் அது நடக்காது. தலைமடை வயலையும் கடைமடை வயலையும் நினைத்துப் பாருங்கள். அதே ரகம், அதே உரம், ஆனால் தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு, மகசூலும் வேறு. ஒரு செடி நிறையக் காய்த்திருந்தால் அது மரபணுவின் கொடையா, அது நின்ற இடத்தின் கொடையா? செடிகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டில் மரபணுவால் வந்தது எவ்வளவு என்பதை மரபுவழிப் பங்கு என்று சொல்லலாம். மணியின் பருமனில் அந்தப் பங்கு அதிகம், விளைச்சலில் குறைவு. ஆகவே ஒரே தூய வழியைப் பல பாத்திகளில், பல ஊர்களில், பல ஆண்டுகள் விதைத்துப் பார்க்காமல் விளைச்சலைப் பற்றி வாய் திறக்க முடியாது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நல்ல ரகம் ஒன்றையும் பக்கத்திலேயே விதைத்து, அதைவிட மேலாக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். கலப்பு தொடங்கி ரகம் வெளிவரப் பத்து ஆண்டுகளை ஒட்டிப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். 1994இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வெளிவந்து, நெடுங்காலம் நாட்டின் சோயா வயல்களை ஆண்ட ஜே.எஸ். 335 வந்ததும் இப்படிப்பட்ட சல்லடைகளைத் தாண்டித்தான்.

சுருக்கமாக: முதல் தலைமுறை ஒன்றுபோல் இருக்கும், இரண்டாவது சிதறும், ஆறாவதில் நிலைக்கும். பருமனைக் கண்ணால் தேரலாம், விளைச்சலைப் பல வயல்களில்தான் தேர முடியும்.

## சம்பா தெரிந்தவருக்குச் சோயாவும் தெரியும்

பழைய சம்பா ரகங்களில் பலவற்றை முன்பட்டமாக விதைத்தாலும் பின்பட்டமாக விதைத்தாலும் கதிர் வருவது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். பகல் குறுகுவதைச் செடி உணர்ந்து பூக்கிறது. இதற்கு ஒளிக்கால உணர்வு என்று பெயர். குறுவை ரகங்களுக்கு அந்த உணர்வு மிகக் குறைவு. அவை நாட்களை எண்ணிப் பூக்கும்.

சோயா இதில் சம்பாவின் கட்சி. வட சீனம் போன்ற இடங்களில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே பழகிய ரகத்தைத் தஞ்சாவூரில் விதைத்தால், நம் ஊரின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது என்பதால், பூக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைத்து முழங்கால் உயரம் வளர்வதற்குள் பூத்துவிடும். உடம்பு வளராத செடி எங்கே காய் தாங்கும்? வெளியூர் விதையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சோயா இங்கே வராது என்று சொல்லிவிடுவது பயிருக்குச் செய்யும் அநியாயம்.

வெப்ப மண்டலத்துக்கு இதற்குத் தீர்வு கிடைத்தது, குறுகிய பகலிலும் சில வாரங்கள் பூக்காமல் வளரும் குணம் சில சோயாக்களில் இருப்பது தெரிந்தபோதுதான். நீள் இளமை எனலாம் அதை. அந்தக் குணத்தைக் கலப்பில் சேர்த்ததால்தான் பிரேசிலின் தாழ் அட்சரேகைப் பகுதிகளில் சோயா பரவியது. தமிழ்நாட்டுக்கென்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ (சோயா) 3 என்று ரகங்களைத் தனியாக வெளியிட்டதன் பொருளும், நம் பகலுக்கும் நம் பட்டத்துக்கும் ஏற்ற செடி வேண்டும் என்பதே.

## மணிக்குள் நடக்கும் பேரம்

சோயா மணியில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். நம் வீடுகளில் இது மீல்மேக்கராகவும், கோழிப் பண்ணைகளில் பிண்ணாக்காகவும் வந்து சேர்கிறது. புரதமும் கூட வேண்டும், எண்ணெயும் கூட வேண்டும், விளைச்சலும் கூட வேண்டும் என்று கேட்பது இயல்பு. செடியின் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை.

இலை வெயிலில் சமைப்பது சர்க்கரை. மற்ற எல்லாவற்றையும் அந்தச் சர்க்கரையைச் செலவழித்தே செடி செய்கிறது. 1 கிராம் சர்க்கரையிலிருந்து சுமார் 0.8 கிராம் மாவுச்சத்து செய்யலாம். அதே 1 கிராமில் புரதம் செய்தால் 0.4 கிராம் அளவுக்குத்தான் வரும், எண்ணெய் செய்தால் ஏறக்குறைய 0.33 கிராம். நெல் தன் மணியில் பெரும்பாலும் மாவுச்சத்தை நிரப்புகிறது. சோயாவோ பெரும்பாலும் விலை உயர்ந்த சரக்குகளையே செய்கிறது. மூட்டைக் கணக்கில் நெல்லோடு அதை ஒப்பிட்டு, விளைச்சல் போதாது என்று சொல்வது அதனால்தான் சரியாகாது.

புரதத்தை உயர்த்திய தூய வழிகளில் விளைச்சல் இறங்குவதும், புரதம் ஏறினால் எண்ணெய் இறங்குவதும் சோயாவில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. பால் அளவு கூடும் மாட்டில் கொழுப்பு சதவீதம் இறங்கும். ஆய்வாளர் செய்வது இந்தப் பேரத்துக்குள் ஓர் இடம் பிடிப்பதுதான். புரதம் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் விளைச்சலை உயர்த்துவார். அல்லது இரண்டும் ஓரளவு சேர்ந்து நிற்கும் அபூர்வமான செடியைப் பல்லாயிரத்தில் தேடுவார்.

பேரம் இல்லாமல் கிடைக்கும் மேம்பாடும் உண்டு. பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற ஒரு பொருள் இருக்கிறது. புரதம் செரிப்பதை அது தடுக்கும். அதனால்தான் சோயாவை நன்றாக வேகவைக்கச் சொல்கிறார்கள். இதன் முக்கிய வகை ஒரே ஒரு மரபணுவின் வேலை. அந்த மரபணு பழுதான ஒரு செடியிலிருந்து, நல்ல ரகம் ஒன்றுக்குள் அந்தப் பழுதை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

அதைச் செய்யும் முறைக்குப் பின்கலப்பு என்று பெயர், அதன் பலனை டெல்டா ஏற்கெனவே வயலில் பார்த்திருக்கிறது. சி.ஆர். 1009 நெல் நமக்குப் பிடித்த சம்பா, ஆனால் வெள்ளத்தில் மூழ்கினால் அழுகும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும் மரபணு இருந்தது. அதைக் கலந்து, பிறந்த பிள்ளையை மறுபடி சி.ஆர். 1009உடனே கலந்து, அதன் பிள்ளையையும் மறுபடி அப்படியே கலந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெளியார் பங்கு பாதியாகக் குறையும். இலைத் துணுக்கைச் சோதித்து, வேண்டிய மரபணு இருக்கும் செடியை மட்டும் விட்டுவைப்பார்கள். கடைசியில் வந்தது சி.ஆர். 1009 சப் 1. இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில்தான் டிரிப்சின் தடுப்பான் நீக்கிய என்.ஆர்.சி. 127 ரகத்தை உருவாக்கியது.

## அந்த மூட்டை ஏன் முளைக்கவில்லை

தேநீர்க் கடையின் மூன்றாமவரிடம் இப்போது வருகிறேன். அவருடைய நட்டம் உண்மையானது.

காட்டுச் சோயாவின் மணி சிறியது, கருப்பு, தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாமல் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கும். மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக, போட்டவுடன் ஒன்றாக முளைப்பதையும், வேகவைத்தால் மெதுவாவதையும், பருமனாக மஞ்சளாக இருப்பதையும் பொறுக்கி எடுத்தார்கள். அந்தத் தேர்வில் கெட்டித் தோலும் உறக்கமும் கழிந்துபோயின. இன்றைய சோயாவின் தோல் மெல்லியது. முளைவேர் தோலுக்கு அடியிலேயே, மணியின் ஓரத்தில் படுத்திருக்கிறது. மூட்டையை லாரியிலிருந்து தொப்பென்று போட்டால் அடி விழுவது அந்த இடத்தில். வெளியே கீறல்கூடத் தெரியாது.

ஈரம் அதைவிடப் பெரிய எதிரி. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது சேமிப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திருப்பிப் பார்த்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சாக்கில் கிடக்கும் சோயா, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு சதவீதத்துக்கும் பாதி ஆயுளை இழக்கிறது. இந்தியாவில் சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம், சோயாவுக்கு 70தான். விதிமுறையே அதன் பலவீனத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது.

ரகத்திலேயே இதைத் திருத்த முடியுமா? ஓரளவு முடியும். சிறிய, கருமணிச் சோயாக்கள் சேமிப்பில் நன்றாகத் தாங்குகின்றன, அவற்றைக் கலப்பில் சேர்க்கலாம். ஆனால் சந்தை கேட்பது பருமனான மஞ்சள் மணியை. மறுபடியும் பேரம்.

மூன்றாமவர் வீட்டில் விதைத்தது போக ஒரு படி சாக்கில் மிச்சம் இருந்தது. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எடுத்தோம். அதே ரகத்தை அவருடைய மைத்துனர் நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய தகர டப்பாவில் வைத்திருந்தார். அதிலும் 100. ஈரச் சாக்கில் பத்துப் பத்தாக அடுக்கி, தளர்வாகச் சுருட்டி, திண்ணை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தோம். எட்டாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் எண்ணினோம். சாக்கில் சேமித்திருந்த விதை 41. டப்பாவில் சேமித்திருந்தது 83.

இரண்டு வரிசைகளையும் அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பட்டத்துக்கு விதை கேட்கப் போனபோது நானும் உடன் போனேன். விலையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்டது, இந்த விதை போன மழைக்காலத்தில் எங்கே இருந்தது என்று.